திரையில் வரும் பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி இன்று காலை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். போன வருடம் பைக் விபத்தில் இறந்த மகனின் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்திருந்தார். போட்டதும் ஹேங் ஆகிவிடுகிறதாம். கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கர்னல் என்ற மென்பொருள் அப்டேட்டில் தானாகப் புதிதாக ஏறியிருந்தது; அது பழைய மதர்போர்டோடு ஒத்துப்போகவில்லை. முந்தைய கர்னலுக்கே மாற்றினேன். மத்தியானம் வரை ஓடவிட்டும் ஹேங் ஆகவில்லை.

பாஸ்வேர்டு கேட்டேன்.

“தெரியாதும்மா. சாயங்காலம் போட்டு வைப்பேன். மகேஷுன்னு அவன் பேரு வருதுல்லா, அதப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“நான் திறந்து தரட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம். அவன் பூட்டுனது அப்படியே இருக்கட்டும்.”

ஒயரைச் சுற்றிக் கொடுத்தேன். ஆட்டோவில் அதை மடியில் வைத்து அணைத்தபடி போனார். எனக்கு அழுகை வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. ராத்திரி சாப்பிட்ட தட்டு இன்னும் கழுவாமல் கிடக்கிறது.