அருவி வளைவில் இல்லாத கொப்பு

இன்று வகுப்பில் சளி பிடித்த பிள்ளையொன்று யூக்கலிப்டஸ் தைலம் தடவி வந்திருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டிய மனிசி என்னிடம் செட்டிகுளத்தில் குளக்கட்டு வேலை என்று சொல்லிப் போய்வந்த உங்கள் சட்டையில் அன்று மணத்தது இதுதான். மலையில் வளரும் யூக்கலிப்டஸ் செட்டிகுளத்துச் சமவெளியில் ஏது?

அந்தச் சட்டை மணத்ததற்கு அடுத்த கிழமை, மலைத்தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலான என்னை ஜீப்பில் கூட்டிப்போனீர்கள். சமவெளியில் எங்கள் பூவரசங்குளத்துச் சேற்றில் நாலு சில்லும் இழுத்துப் பழகிய வண்டி. "இந்த ரோட்டிலை நான் வந்ததேயில்லை" என்றீர்கள். ஆனால் வளைவு கண்ணில் படமுன்னமே உங்கள் கை கியருக்குப் போனது. வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்திய இடத்தில் தேநீர்க் கடைக்காரி, "ஐயா, மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றாள்.

"ஆரோ எண்டு நினைக்கிறா."

"உங்களைப்போல இன்னொராள் இருக்கிறாரோ?"

"இருந்தால் அந்தாளின்ரை மனிசி பாவம்" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் கொப்புகளைக் கண்டேன். காட்டுக்குள் இறங்கமுன் எங்கள் சனம் பச்சைக் கொப்பு முறித்துப் பிள்ளையாருக்கு வைக்குமே, அதுபோல மோசமான வளைவிலெல்லாம் ஒரு கொப்பு, கல்லுப் பாரம் வைத்தபடி, காய்ந்து கிடந்தது. அந்த மலையில் உங்களைத் தவிர வேறு யார் வைப்பார்? அடிக்கடி வந்துபோக மேலே உங்களுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்றே முடிவுகட்டினேன்.

அருவிக்குப் பக்கத்து வளைவில் மட்டும் கொப்பு இல்லை. அங்கே நிறுத்தினீர்கள்.

"நீர் இறங்கி நடவும். நான் வண்டியைக் கொண்டுவாறன்."

"என்னை ஆர் காணக்கூடாது?"

என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டீர்கள். அந்தக் குளிரிலும் உங்கள் கழுத்து வேர்த்திருந்தது. களவு பிடிபட்ட வேர்வை என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளித் தவணை முழுக்க உங்கள் கடிதங்களுக்கு இரண்டு வரிக்குமேல் எழுதவில்லை. கடைசியில் கடைக்காரியிடமே கேட்டேன்.

"மொத தடவ அருவி வளைவுல வண்டிய நிப்பாட்டிட்டுக் கல்லுல உக்காந்துட்டாரும்மா. மேல போகவேயில்ல. பள்ளத்தப் பாக்கவே பயமாப் போச்சுன்னாரு. தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புனேன்."

என்னை ஏற்றிவரமுன் ரோட்டைப் பழக, வளைவெல்லாம் கொப்பு வைத்து, தனியே வந்திருக்கிறீர்கள். வண்டி பள்ளத்தில் போனாலும் நான் தப்பட்டும் என்றுதான் அன்று இறங்கச் சொன்னீர்கள்.

விடுமுறைக்குக் கூட்டிப்போக வந்தபோது அந்த வளைவில் நிறுத்தச் சொல்லி, நானே ஒரு கொப்பு முறித்து வைத்தேன். நீங்கள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இனி என்னை இறங்கச் சொல்லாதேங்கோ."

"ஓம்."

சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பயத்தை இவ்வளவு பக்குவமாக ஒளித்தவர் வேறென்ன ஒளிப்பாரோ என்று, அதற்குப் பிறகும் உங்கள் சட்டைகளை மோந்து பார்த்துத்தான் தோய்த்தேன்.

போன மாரியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாய்வப்பா, கொஞ்சம் இஞ்சித் தண்ணி தாரும்" என்றீர்கள். அன்றைக்கும் கழுத்து வேர்த்திருந்தது. கண்டேன். குசினிக்குப் போய் இஞ்சி இடித்தேன். தண்ணியோடு திரும்பி வந்தபோது உங்களுக்கு மூச்சில்லை.

ஒரு கேள்வியும் கேளாமல் உங்களை நம்பியது அன்றைக்கு மட்டும்தான்.