முளைத்த பயறும் உங்கள் முகமும்

பக்கத்து வீட்டில் பச்சைப்பயறு வறுக்கிறார்கள். வாசனை சன்னல் வழியாக வந்து நீங்கள் படமாகத் தொங்கும் சுவர்வரை போயிருக்கிறது. மாலை போட்டுக்கொண்டு என்ன கம்பீரம்! பார்க்கச் சிரிப்புதான் வருகிறது.

கல்யாணமான ஏழாம் வருஷம் திருப்புட்குழிக்கு உல்லாசப் பயணம் போனோமே, நினைவிருக்கிறதா? பட்டுக்கடையில் உங்களோடு வேலை பார்த்த நாலு பேர், அவர்கள் மனைவிமார், உங்கள் அம்மா, இரண்டு மாட்டு வண்டி. மற்றவர்களுக்கு அது பிக்னிக், எனக்குப் பரீட்சை. கோயிலில் தரும் வறுத்த பயறை ஊறவைத்து, இரவு மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு. "மொளைக்கலன்னா என் புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துடுவேன், சொல்லிட்டேன்" என்று உங்கள் அம்மா வண்டியிலேயே எல்லோர் காதிலும் விழ அறிவித்தார். நீங்கள் வேடிக்கை பார்க்கிற மாதிரி வெளியே திரும்பிக்கொண்டீர்கள்.

கோயிலில் நீங்கள் அடித்த கூத்து! எந்தத் தூணைத் தொட்டாலும் "இது பல்லவர் காலம்பா" என்றீர்கள். நேற்று வைத்த குழாயைக்கூட விட்டிருக்க மாட்டீர்கள். சாயங்காலம் பாலாற்றில், முழங்கால் தண்ணீரில், "இங்க பாருங்கப்பா, உள்நீச்சல்!" என்று பாய்ந்தீர்கள். முதுகு பூராவும் வெளியே தெரிந்தது.

அதற்கு முன்பே நான் கோயில் பயறைக் குளத்து மீன்களுக்குப் போட்டுவிட்டேன். வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துவந்த வறுக்காத பயறைத்தான் ஊறவைத்தேன். கோயில் தெய்வம் தாயார் மன்னிக்கட்டும். வறுத்ததை முளைக்கவைக்க அவளால் முடியும்தான். ஆனால் தப்பிப்போனால் வீட்டை விட்டுப் போகப்போவது நான் அல்லவா?

விடிந்ததும் துணியைப் பிரித்தேன். வெள்ளை வெள்ளையாக முளை. "என் தாயே!" என்று உங்கள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே உங்களைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றீர்கள். சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு முகம் ஏன் வெளுக்கிறது?

கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"மெட்ராஸ் டாக்டரு போன வருசமே சொல்ட்டாரு. எங்கிட்டதான் கொறை. அம்மாவுக்குத் தெரிஞ்சா மானம் பூடும்மா."

"தெரிஞ்சுக்கினேவா என் மடியில பயறு கட்ட வுட்டீங்க?"

பதிலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். தூ!

அப்புறம் இருபது வருஷம், "தாயாரே மொளைக்க வெச்சும் இவ வயித்துல தங்கல" என்று உங்கள் அம்மா சொல்லாத விசேஷ வீடு இல்லை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் குனிந்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அது உங்கள்மேல் இருந்த அன்பு என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருந்தால், இப்போது தெரிந்துகொள்ளுங்கள். காட்டிக்கொடுக்கும் அளவுக்குக்கூட உங்களை நான் மதிக்கவில்லை.

சற்றுமுன் என் அண்ணன் மருமகள் வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் திருப்புட்குழிக்கு டூர் போறோம் அத்தை. என்னைப் பயறு கட்டச் சொல்றாங்க. நீங்களும் கூட வாங்களேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"வரேம்மா. அதுக்கு முன்னால உம் புருசனை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போ. அவர் சொல்றதை நீயே பக்கத்துல நின்னு கேளு."

"ஏன் அத்தை?"

உங்கள் படத்தைக் காட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உள்நீச்சலைக்கூட விடவில்லை. அழுதுகொண்டிருந்த பெண் அந்த இடத்தில் சிரித்துவிட்டாள்.