அந்தக் கால் யாருடையது?

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல நம் தெருத் தையல்காரர் எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, கடைவரை நடந்து போய் வருகிறாள். எனக்குப் பாம்புக் காது இன்னும் போகவில்லை, விஷயமே அதனால்தான்.

நீ பாடும் பெரிய பேண்டு குழுவுக்கு ஓய்வு விட்ட நேரத்தில் நீ தனியாக அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கிதாரோடு பாடி அனுப்பினாயே, அதைப் போனில் போட்டுக்கொண்டுதான் உன் அம்மா பட்டாணி உரிக்கிறாள், துணி மடிக்கிறாள். கல்யாண மேடைகளில் ஆயுசு முழுக்க டிரம்ஸ் அடித்தவன் நான், ஒரு தடவையாவது காதைப் பொத்தாமல் கேட்டிருப்பாளா? உன் பாட்டுக்கு மிக்ஸியையே நிறுத்துகிறாள். கை சும்மா இருக்காமல் நான் ஸ்பூனால் மேஜையில் லேசாகத் தட்டினேன். அவ நம்ம காதோட பேசறா, நீங்க எதுக்கு நடுவுல கதவைத் தட்டறீங்கன்னு ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, தனிப்பாட்டில் டிரம்ஸுக்கு என்ன வேலை என்று மனசைத் தேற்றிக்கொண்டு நானும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, போ. நீ மூச்சு இழுப்பது, நாற்காலி முனகுவது, விரல் கம்பியில் வழுக்குவது எல்லாம் பக்கத்து அறையில் நடக்கிற மாதிரி. அப்போதுதான் இரண்டாவது பாட்டில் தரையில் ஒரு கால் மெதுவாகத் தாளம் போடுவது கேட்டது. அது உன் கால்தான் என்கிறாள் அம்மா. என்னிடமா? நீ என் மேடையில் முதன்முதலில் பாடிய அன்று சிவப்புச் செருப்பு, வலது வார் அறுந்திருந்தது, அப்போதே உன் கால் பாட்டுக்கு முன்னால் ஓடும். இந்தக் கால் ஓடவில்லை. நீ மூச்சு எடுக்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் இறங்குகிறது. தாளத்துக்கு ஆளே வேண்டாம் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஆள் இருக்கிறது, அது நான் இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை. யார் என்று போனில் கேட்கலாமென்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அவளிடமே கேட்டேன், பட்டாணியைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதோ தையல்காரரும் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்.

குளிரில் தொண்டையைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் நீ. அந்த ஆளுக்குக் காத்திருக்கத் தெரிகிறது, நல்ல மாதிரியாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் இன்னும் எரிச்சல். பதிலைத் தையல் கடைக்கே போடு. அம்மாவிடம் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, எனக்குத்தான் முதலில் சொல்வதாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு.