இடப்பக்கத்துக் கதவு

அன்புத் தோழிக்கு,

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்காக நம் லயத்தார் கூட்டாக அடித்த ஆட்டை இன்று காலை பங்கு பிரித்தார்கள். எனக்குரிய பங்கின்மேல் ஒரு சேம்பிலைப் பொட்டலம் தனியாக இருந்தது. வாங்கும்போதே அதன் இளஞ்சூடு உள்ளங்கையில் பட்டது.

"டாக்டரம்மாவுக்கு இருதயம். போன வருசம் சண்ட போட்டு வாங்குனீங்களே, இந்த வருசம் நானே எடுத்து வச்சிட்டேன்" என்றார் பங்கு பிரித்த மாமா. சுற்றி நின்றோர் சிரித்தனர். நானும் சிரித்ததாகவே நினைக்கிறேன். வெட்டிக் காட்டுவதற்கு எதிரில் நீ இல்லாதபோது அது எனக்கு வெறும் இறைச்சி. அதை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு உனக்கு எழுத அமர்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தோம். தோட்டத்து வீட்டு வரிசைகளுள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், ஒரே சுவரின் அப்பக்கமும் இப்பக்கமும் குடியிருந்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கல்வியை, பிறர் பிள்ளைகள் படித்து ஒதுக்கிய பாடநூல்களைக் கொண்டு நானே கட்டியெழுப்பினேன் என்பதில் எனக்குள்ள பெருமிதத்தை நீ அறிவாய். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், "இவ வாயத் தொறந்தா பொஸ்தகம் பேசுது" என்று பெண்கள் கேலி செய்தால், "அவ வாயில பொஸ்தகமாச்சும் பேசுது. ஒங்க வாயில வெத்தலதானடி பேசுது" என்று எனக்காகச் சண்டைக்குப் போனவள் நீ.

உனக்கு இரைப்பு தொடங்கியபோது நாங்கள் எவரும் பெரிதாக எண்ணவில்லை. நம் மடுல்சீமை மலையேற்றத்தில் மூச்சு வாங்காதவர் யார்? மலைதான் காரணம் என்று சொல்லி, கங்காணியிடம் கெஞ்சிக் கீழ்மலைக்கு மாறிக்கொண்டாய். அங்கும் இரைத்தது. பிறகு பாதங்கள் வீங்கின. மழையில் நின்ற வீக்கம் என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியில்தான் உண்மை தெரிந்தது. சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலாகக் கிடந்தாயே, அக்காய்ச்சல் உன் இதயத்தின் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றார்கள்.

"வெள்ளக் கோட்டு சொன்னது ஒண்ணும் வெளங்கல. நீ சொல்லு" என்று என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாய்.

சொன்னேன். இதயத்தில் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலத்துக்கும் இடத்துக்கும் நடுவே நம் லயத்துச் சுவரைப் போல ஒரு சுவர். அதில் வாசல் கிடையாது. நீ உப்புக் கேட்டு என்னிடம் வருவதென்றால் லயத்தையே சுற்றித்தான் வரவேண்டும் அல்லவா? அவ்வாறே, உடலெங்கும் உழைத்துக் களைத்த இரத்தம் நாளங்களின் வழியே வலப்பக்கம் நுழைந்து, நுரையீரலுக்குச் சென்று, காற்றை வாங்கிக்கொண்ட பின்னரே இடப்பக்கம் வந்து சேரும். அங்கிருந்து பெருநாடி அதனை உடல் முழுவதற்கும் கொண்டு செல்லும். உனக்கு இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கதவு தடித்துக் குறுகிவிட்டது. இறங்க வழியில்லாத இரத்தம் பின்னோக்கி நுரையீரலில் தேங்குகிறது. இரைப்பு அதனால் வருவது, மலையால் அன்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தை நிமிர்ந்து பார்த்தாய்.

"அது ஆண்டவருக்குக் குடுத்த எடம்டி. அங்க போயி கத்திய வைக்கச் சொல்றியா?"

"ஆண்டவர் இருக்கிற வீட்டுக் கதவு இறுகிப்போனா தச்சனக் கூப்பிட மாட்டியா?"

"அவரே தச்சருதான புள்ள. வேணும்னா அவரே சீவிக்குவாரு."

மாதங்கள் சென்றன. கட்டிலில் தட்டையாகப் படுக்க இயலாமல், மூன்று தலையணைகளில் சாய்ந்து உறங்கத் தொடங்கினாய். நான் கோபித்தேன், அழுதேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். நீ அசையவில்லை.

அப்போதுதான் போன நத்தார் வந்தது. சண்டை போட்டு வாங்கிய ஆட்டிதயத்தைப் பலகையில் வைத்து, உன் கண்முன் கீறித் திறந்தேன். இடப்பக்கச் சுவர் எத்தனை தடிப்பு, வலப்பக்கச் சுவர் எத்தனை மெல்லியது என்று காட்டினேன். கதவின் இதழ்களைப் பிடித்திருந்த வெண்ணிற நாண்களை நீ விரலால் தொட்டாய். அறைக்குள் விரலை விட்டுத் துழாவினாய். அடுத்து நீ சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"இதுக்குள்ளயா புள்ள ஆண்டவர குடிவச்சேன்? நம்ம லயத்துக் காம்பராவவிட மோசமால்ல இருக்கு! மனுசன் கால நீட்டக்கூட எடமில்லையே."

"அப்போ?"

"அவரு வேற எங்கயோ நல்ல எடமா பாத்துத்தான் இருக்காரு. இது வெறும் பம்பு. தேதி போடச் சொல்லு."

நான் கற்பித்ததற்கும் நீ புரிந்துகொண்டதற்கும் தொடர்பே இல்லை. எனினும் அன்று என்னைப்போல் மகிழ்ந்தவர் இம்மலைநாட்டில் எவரும் இருந்திருக்க முடியாது.

பெப்ரவரிக்குத் தேதி கிடைத்தது. ஜனவரி மழையில், பனிமூட்டம் விலகாத ஒரு காலையில், நீ மூச்சுக்குத் தவித்தாய். தோட்டத்து லொறி வரும்வரை உன்னை நிமிர்த்தி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தேன். நுரையீரலின் மயிர்க்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்பது எனக்குத் தெரியும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதும், ஏன் என்பதும் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் செபம் சொன்னார்கள். எனக்குச் செபமும் வரவில்லை. லொறியின் சத்தம் வளைவில் கேட்டபோது நீ தவிப்பதை நிறுத்தியிருந்தாய்.

சுவரின் அப்பக்கம் இப்போது வேறொரு குடும்பம். நல்லவர்கள். நான் படித்ததைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், எதிர்த்துக் கேட்பதில்லை.

கடைசி மாதங்களில் ஞாயிறு பூசைக்கு நாம் ஏறிப்போன விதத்தை எவரிடமும் சொன்னதில்லை. முடியவில்லை என்று நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. மூச்சு முட்டும்போது, "அந்தா பாரு, யாரு வீட்டுத் துணி இன்னும் காயுது" என்று எதையாவது காட்டி நிற்பாய். நானும் நின்று, அந்தத் துணியை வெகு கவனமாகப் பார்ப்பேன்.

இன்னமும் அவ்விடங்களிலெல்லாம் நிற்கிறேன். என் இதயத்தில் குறையேதும் இல்லை, கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இருந்தும் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. பின்னால் வரும் பெண்கள், "என்னாக்கா, மூச்சு வாங்குதா?" என்று கேட்கிறார்கள். மூச்சு வாங்குவதற்கான காரணங்களை ஒன்றுவிடாமல் விளக்கக்கூடிய நான், "ஆமா புள்ள, ஏத்தம்ல" என்று மட்டும் சொல்லி, அவர்கள் கடந்து போகும்வரை ஒதுங்கி நிற்கிறேன்.