என் வாசல் பஸ் நிறுத்தம்

மார்ச் 3, செவ்வாய்

பஸ் நிறுத்தத்தை என் வாசலிலிருந்து எடுத்துத் தெருக்கோடிக்குக் கொண்டுபோகிறார்களாம். யார் வாசலுக்கு? என் கொழுந்தன் பெண்டாட்டி வாசலுக்கு! நகரமைப்பு ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டதே அவள்தானாம். அவள் வீட்டுப் பக்கத்தில் ஆஸ்பத்திரி, நோயாளிகள் பாவம் நடக்க முடியவில்லையாம். கருணை பொங்கி வழிகிறது.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை இந்த நிறுத்தம்தான். பஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் அத்தை. அதுகூடப் பொறுக்கலையா அவளுக்கு?

மார்ச் 5

ஆபீஸ் பெண் வரைபடத்தோடு வந்தாள். “உங்க தங்கச்சி ஒரு வாரம் உக்காந்து கணக்கெடுத்துக் குடுத்திருக்காங்கம்மா. எங்க ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா எடுத்ததில்ல.”

தங்கச்சியாம். எட்டாவதில் தேறாமல் இரண்டு தடவை கோட்டடித்தவள்.

ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாமாம். தருகிறேன். எனக்கும் எண்ணத் தெரியும்.

மார்ச் 6

காலை ஏழிலிருந்து பத்துவரை நாற்பத்தொரு பேர்.

மார்ச் 9

முப்பத்தெட்டு. கூட்டிப் போடக் கை அரித்தது. கடவுளே, மன்னிச்சுக்கோ. போடவில்லை.

அவளுக்கு மட்டும் எல்லாம் எப்படி வாய்க்குது? புருஷன் இருக்கார், இப்ப பஸ்ஸும் வருது. நான் கும்பிடாத கும்பிடா?

மார்ச் 18

கருத்துக்கேட்புக் கூட்டம். முன்வரிசையில் அவள்.

ஆபீஸ் பெண் என் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நாப்பத்தொண்ணுல பஸ் ஏறினவங்க எத்தனை பேரும்மா?”

ஏறினவர்களா? வந்து உட்கார்ந்தவர்களை எல்லாம் அல்லவா எண்ணித் தொலைத்திருக்கிறேன்! வேலை முடிந்து வரும் வாட்ச்மேன், கண்ணுக்கு ஓய்வென்று வரும் தையல்காரி... கழித்துப் பார்த்தால் ஏறியது பதிமூன்று பேர். கூடமே சிரித்தது. அவளும்தான். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “மீதிப் பேர் எதுக்கு வர்றாங்க?”

“பேசத்தான்.”

எழுதிக்கொண்டாள். திட்டம் போடும்போது நாம் இதை எண்ணுவதே இல்லை என்று மேலதிகாரியிடம் சொன்னாள்.

ஏப்ரல் 20

பஸ் அவள் வாசலுக்குப் போய்விட்டது. வயிறு எரிகிறது, மறைப்பானேன். பெஞ்சும் கூரையும் இங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவாம்.

மே 2

பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போகக் கிளம்பிய அவள் இங்கே வந்து நின்றாள். “தள்ளி உக்காருக்கா.” முகம் கொடுக்கக் கூடாதென்றுதான் இருந்தேன். எத்தனை நேரம் இருக்க முடியும்?

கொழுந்தன், வீட்டில் அவளிடம் வாயே திறப்பதில்லையாம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

தன் வாசலுக்கு வந்த பஸ்ஸை இங்கே உட்கார்ந்தபடியே இரண்டு தடவை போகவிட்டாள்.