மெருகு ஏறாத கிருமியும் சிவப்பு மாத்திரையும்

சூளகிரி
21.1.1996

அன்பு மகள் தங்கமணிக்கு,

அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனி ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். தம்பி முனிவேலை இந்த வரியில் சேர்க்கவில்லை என்று உடனே கேட்பாய். அவனுக்கு டி.பி. ஐப்பசியிலேயே தெரிந்துவிட்டது. பரதேசத்தில் தனியாக இருக்கிற பெண் அழுதுகொண்டு உட்காருவாளே என்று அம்மாதான் எழுத விடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

தினமும் நாலு வகை மாத்திரை, அதில் ஒன்று சிவப்பு. அம்மா கண் முன்னால் வெள்ளை மாத்திரைகளை விழுங்குவான், சிவப்பை மட்டும் குமட்டுகிறது, பஸ் ஸ்டாண்டில் போட்டுக்கொள்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபாக்டரிக்கு ஓசூர் பஸ் ஏறுவான். முதலில் உடம்பு தேறியது, மார்கழி பிறந்ததும் இருமல் திரும்பி வந்தது, கன்னம் ஒட்டிப்போனது. ஃபாக்டரித் தூசிதான் காரணம் என்று நானும் நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்தது. சாப்பிடும்போது வழக்கம்போல் உரக்கப் படித்தேன். கிருமிக்குள் புரதம் கட்டத் துண்டு துண்டாய்ச் சுமந்து வருகிற டி.ஆர்.என்.ஏ. என்று ஒன்று, அதன் மேல் ரசாயனமாய் ஒரு சின்ன மெருகு ஏற வேண்டும், அது ஏறாவிட்டால் தப்பான துண்டு சேர்ந்து புரதம் கோணலாகும், மரபை நகல் எடுக்கும் புரதமே கோணலானால் நகலில் பிழை பெருகும், மெருகு இல்லாத கிருமி அடிக்கடி மாறிப்போவது அதனால்தானோ என்று சந்தேகப்படுகிறோம் என்று எழுதியிருந்தாய். பட்டறையில் பீஸைப் பிடித்து நிறுத்துகிற ஃபிக்ஸ்சர் பிசிறு எடுக்காமல் இருந்தால் அதில் வருகிற பீஸ் எல்லாம் கோணல்தான் என்று நான் அம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன், அவள் ரசம் ஊற்றிக்கொண்டே தலையாட்டினாள். பிழை பெருகியதை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்பதும் எழுதியிருந்தாயே, மருந்து கலந்த தட்டில் கிருமியைத் தடவுவாய், பிழையால் மாறிப்போனது மட்டும் தப்பித்து முளைக்கும், மெருகு இல்லாத ரகத்தில் அப்படி முளைப்பது பல மடங்கு அதிகம் என்று. அந்த மருந்தின் பெயர் ரிஃபாம்பிசின் என்று படித்ததும் முனிவேல் கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டான்.

அதுதான் அவனுடைய சிவப்பு மாத்திரை. ஒரு மாதத்துக்கு மேல் அதை பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தானாம். ஏன்டா என்றேன். "அத போட்டா ஒண்ணுக்கு செகப்பா போவுதுப்பா. கம்பெனி கக்கூஸ்ல வெள்ளை டைல்ஸு, எல்லாரும் வரிசையா நிப்பாங்க. போன வருசம் இருமுனவனையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்குப் பங்குனியிலதான் பர்மனென்ட் பண்றாங்க" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன், அவன் இருமத் தொடங்கிவிட்டான், கை தானாக அவன் முதுகுக்குப் போய்விட்டது. மறுநாளே கிருஷ்ணகிரி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாலையும் சேர்த்துக் கொடுப்பதே ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று கொல்லட்டும் என்றுதான், நீ ஒன்றை மட்டும் போடாமல் விட்டால் எப்படியப்பா என்று திட்டினார். சளியை பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார், எந்த மருந்து கேட்கும் எது கேட்காது என்று பார்க்க. இந்தக் கிருமி மெதுவாக வளருமாம், வாரக்கணக்கில் ஆகுமாம். உன் கிருமி வேறு, இவனுடையது வேறு என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் மருந்து ஒன்றாக இருக்கிறதே. கம்பெனியில் உண்மையைச் சொல்லி லீவு கேட்டுவிட்டேன், வேலை போனால் போகட்டும்.

இப்போது நாலையும் எங்கள் எதிரில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டுகிறான். பேச்சுதான் இல்லை. அம்மா அவன் டம்ளரைத் தனியாக வைத்ததைப் பார்த்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். எனக்கு பயமாக இருக்கிறது தங்கமணி, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. நேற்று சாயங்காலம் அவனாகவே வாயைத் திறந்தான். "அக்கா, தட்டுல தப்பிச்சத மட்டும்தான் எழுதியிருக்குது. செத்தது எத்தனைன்னு எழுதவே இல்ல. கேளுப்பா" என்றான்.

அதை நீ எழுது. பொய் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான். ஒரு தட்டில் எத்தனை சாகிறது என்று உள்ளபடி எழுது. நிறைய என்றால் முதல் வரியிலேயே எழுது. நீ ஊருக்கு ஓடி வர வேண்டாம், எடுத்த வேலையை முடி, கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு. எங்கள் இரண்டு பேர் ஆசியும் என்றும் உனக்கு உண்டு. மறந்துவிடாதே, கவரின் மேல் என் பெயரைப் போடாதே, அவன் பெயரைப் போடு. தபால்காரர் வாசலில் நின்று அவனைக் கூப்பிடட்டும், அவன் எழுந்து போய் வாங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணப்பன்