இரண்டாம் பேஸில் ஒரு பிரசவ அறை

ஒசாகா,
21 ஜூன் 1993

அன்பு மகள் தோமோயோவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கடையில் துவைத்துப் போட்ட சட்டை ஒன்றுகூடக் காய மாட்டேன் என்கிறது. வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டி நாளை, நாளை என்று சொல்லியே என் தாடை வலிக்கிறது. உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை. உன் மாமியார் போடும் ஊறுகாய் ருசியாகத்தான் இருக்கும், அது தெரிந்துதான் சொல்கிறேன். சுமியோஷி கோவிலில் வாங்கிய சுகப்பிரசவத் தாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ரயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கூடாதுதான். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது முறை என்றாலும், முறைக்காக யாரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள முடியாது. நீ ஃபுகுவோகாவிலேயே பெற்றுக்கொள். ஆகஸ்ட் முதல் வாரம் நான் அங்கே வந்துவிடுகிறேன். இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் உன் அப்பாதான்.

கடிதத்தைப் படித்தார், மடித்தார், இஸ்திரிப் பலகைக்கு அடியில் செருகினார். அந்த ஊரில் கால் வைக்க மாட்டாராம். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஊர் இவருக்கு என்ன செய்துவிட்டது? நம் பேஸ்பால் அணியை வாங்கிக் கூட்டிக்கொண்டு போனது. ஐந்து வருஷம் ஆகப் போகிறது. ஒசாகாவில் மற்றவர்களெல்லாம் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு வேறு அணிக்குக் கைதட்டப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்த அணியின் பழைய பச்சைத் தொப்பியைக் கழற்றுவதில்லை. அது இப்போது பச்சையும் இல்லை, என்ன நிறம் என்று துணி வெளுப்பவளான எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீயும், ஜப்பானில் வேறு ஆம்பிளையே இல்லாததுபோல, அந்த ஊர்ப் பையனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. யசுஹிதே தங்கமான பையன். ஆனால் புத்தாண்டு அட்டையில் அந்த அணியின் புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இளித்திருக்க வேண்டாம். உன் அப்பா அந்த அட்டையைப் பெட்டிக்குள் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்.

நான் இத்தனை கோபத்தோடு எழுதக் காரணம் வேறு. நம் அணி ஆடிய மைதானத்தில் இப்போது வீட்டுக் கண்காட்சி நடப்பது உனக்குத் தெரியும். சுற்றிலும் கேலரி அப்படியே நிற்க, நடுவில் ஆட்டம் நடந்த இடத்தில் மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் உன் அப்பா சட்டைக் கையைப் பாதி தேய்த்தபடி போட்டுவிட்டு அங்கே போய்விடுகிறார். நடைக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். போன சனிக்கிழமை காலையில் ஒரு பையன் கேக் டப்பாவும் சுருட்டிய காகிதமுமாகக் கடைக்கு வந்து இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டான். முரோய் என்று பெயர். வீடு விற்கும் கம்பெனியாம். உங்கள் வீட்டு வரைபடம் தயார் அம்மா என்கிறான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விஷயம் என்னவென்றால், உன் அப்பா பிப்ரவரியிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் ஒரே மாதிரி வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து தொடும் இரண்டாம் பேஸ் இருந்த இடத்தில் அந்த வீட்டின் பாய் விரித்த அறை வருகிறதாம். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அறையில் ஜன்னலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கட்டிக் கொடுத்த சோற்றுருண்டையையும் அங்கேயே தின்றிருக்கிறார். வீடு வாங்க வந்த குடும்பங்கள் எல்லாம் இவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. இப்படி உட்கார்ந்திருப்பவரைத் துரத்தவும் மனமில்லாமல், அந்தப் பையன் இவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறான். இவரும் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டார். வாடகைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருக்கும் மனிதர்!

படிவத்தை அந்தப் பையன் என்னிடம் காட்டினான். யார் யார் குடியிருப்பீர்கள் என்ற இடத்தில்: நான், மனைவி, மகள், பேரக்குழந்தை. மருமகன் வந்தால் வெளி அறை. எப்போது வேண்டும் என்ற இடத்தில்: ஆகஸ்டுக்குள், மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அந்தப் பையன் உண்மை என்று நம்பி, கீழ்த்தளத்தில் தாயும் பிள்ளையும் படுக்க ஓர் அறை வரைந்து, குழந்தையைக் குளிப்பாட்டப் பக்கத்திலேயே இடமும் வரைந்து கொண்டுவந்திருந்தான். நான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கேக்கையும் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. வரைபடத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போனதும் பிடித்துக்கொண்டேன். உன் அப்பா தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். மானம் போயிற்று என்றேன், பைத்தியமா என்றேன். கடைசியில், "ஒரு டீமுக்காகப் பெத்த பொண்ணோட பிரசவத்துக்குப் போகாத மனுஷன் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றேன். அப்போதுதான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"டீம் மேல எனக்குக் கோபம் இல்லடி. கடைசி மேட்ச் அன்னிக்கு மைக்ல என்ன சொன்னாங்க? போயிட்டு வரோம்னாங்க. வரல, வர மாட்டாங்க, எனக்கும் தெரியும். ஆனா சொல்லிட்டுப் போனாங்க. நானும் கேலரியில நின்னு, போயிட்டு வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

ஒரு சட்டைக் காலரை முழுக்கத் தேய்த்து முடித்தார். பிறகு, "அவ சொல்லலயே" என்றார்.

தோமோயோ, நான் அப்படியே சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் கல்யாணத்தன்று காலையில் நீ பாயில் கையூன்றி, இத்தனை காலம் வளர்த்ததற்கு நன்றி என்று சொன்னாயே, அதை உனக்கு மூன்று நாள் உட்கார வைத்துப் பாடம் பண்ணிக் கொடுத்தது யார்? நான்தான். மணப்பெண் அப்படித்தான் சொல்ல வேண்டும், தடுக்காமல் சொல்ல வேண்டும் என்று உன் உயிரை எடுத்தேன். நீயும் அழகாகச் சொன்னாய். வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பொதுக் குளியலறைக்குப் போகும்போதுகூடப் போயிட்டு வரேன் என்று கத்திவிட்டு ஓடுகிற பெண், அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லாமல் படியிறங்கிவிட்டாய். உன் அப்பா வாசலில் வாயைத் திறந்தபடி நின்றது இப்போதுதான் என் ஞாபகத்துக்கு வருகிறது. வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணி என்ன பிரயோஜனம் சொல்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிறு இவரை எங்கேயும் போக விடாமல் பிடித்து வைக்கிறேன். மதியம் இரண்டு மணிக்குக் கடைக்கு ஃபோன் செய். பிள்ளையைப் பற்றிப் பேசாதே, வாருங்கள் என்று கூப்பிடாதே, பேஸ்பாலை மறந்தும் எடுக்காதே. யசுஹிதேயிடம் ஃபோனைக் கொடுத்துவிடாதே. அன்றைக்கு வாசலில் சொல்ல வேண்டியதைச் சொல், போதும். மழையில் லைன் இரைச்சலாக இருக்கும், சத்தமாகச் சொல். ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்கு ரயிலில் இரண்டு இடம் சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது.

நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். இரவும் பகலும் அதுதான் என் வேண்டுதல்.

நீ சொன்னதும் அவர் பதில் சொல்ல நேரமாகும். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஃபோனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அம்மா,
ஃபுசயே